சாய்வே விசை: சிகாகோ ஏரிக்கரையில் செக்வே சுற்றுலா

செக்வே என்பது இரண்டு சக்கரங்களை முன்னும் பின்னுமாக அல்லாமல் இடமும் வலமுமாகக் கொண்டு, அவற்றின் நடுவே உள்ள தாழ்ந்த மேடையில் ஒருவர் நின்றபடியே செல்வதற்கு அமைந்த மின்வண்டியாகும். அதில் வேகத்தைக் கூட்டுவதற்குத் திருகும் பிடி இல்லை; நிறுத்துவதற்கென்று தனியான பிரேக்கும் இல்லை. நிற்பவர் உடலை முன்னால் சாய்த்தால் வண்டி முன்னே செல்லும், நிமிர்ந்தால் நிற்கும், பின்னால் சாய்ந்தால் பின்வாங்கும். இடுப்பளவு உயரத்தில் கைப்பிடியைத் தாங்கி நிற்கும் தண்டை எந்தப் பக்கம் சாய்க்கிறாரோ அந்தப் பக்கம் திரும்பும். ஆகவே இவ்வண்டியை ஓட்டக் கற்பது என்பது கருவி ஒன்றின் விசைகளை மனப்பாடம் செய்வதன்று, நின்ற நிலையில் தன் எடை எங்கே விழுகிறது என்பதை ஒருவர் வாழ்நாளில் முதன்முறையாகக் கவனிக்கப் பழகுவதாகும். வழிகாட்டியோடு செக்வேயில் நகரம் பார்க்கச் செல்வோர் பெறும் இன்பமும், படும் துன்பமும், சில வேளைகளில் அடையும் காயமும் பெரும்பாலும் இந்த ஒரு கவனிப்பைப் பொறுத்தே அமைகின்றன.

அமெரிக்கப் புத்தாக்குநர் டீன் கேமன் 2001 டிசம்பர் 3 அன்று இவ்வண்டியைத் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் உலகுக்குக் காட்டினார். படியேறும் சக்கர நாற்காலி ஒன்றுக்காக அவரது குழு உருவாக்கிய சமநிலைத் தொழில்நுட்பமே இதற்கு அடிப்படையாயிற்று. நகரங்களின் அமைப்பையே இது மாற்றிவிடும் என்ற பெரும் எதிர்பார்ப்புடன் வெளிவந்தபோதிலும், ஏறத்தாழ 5000 டாலர் என்ற விலையும், நடைபாதைக்கு மிகுந்த வேகமும் சாலைக்குக் குறைந்த வேகமும் கொண்டிருந்த அதன் இயல்பும் சேர்ந்து அதனை எங்கும் முழுமையாக ஊன்றவிடவில்லை. சான்பிரான்சிஸ்கோ நகரம் 2002-லேயே நடைபாதைகளில் அதற்குத் தடை விதித்தது. பிராக் நகரம் 2016-இல் தன் பழைய நகர்ப்பகுதியிலிருந்து அதனை விலக்கியது. 2020 ஜூலையில் முதல் வகை வண்டிகளின் உற்பத்தி நின்றபோது விற்றிருந்தவை ஏறத்தாழ 1,40,000 மட்டுமே. இவ்வரலாற்றைத் தோல்வி என்று எழுதிவிடுவது எளிது. ஆயினும் கால் கடுக்க நடக்கும் அளவுக்குத் தொலைவும், பேருந்தில் கடந்துவிட்டால் இழப்பாகும் அளவுக்குக் காட்சியும் ஒருங்கே அமைந்த இடங்களில் இவ்வண்டிக்கு நிகரான வேறொன்று இன்றுவரை வரவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

சிகாகோவின் ஏரிக்கரை அத்தகைய இடம். மிச்சிகன் ஏரிக்கும் நகரின் வானளாவிக் கட்டடங்களுக்கும் இடையே 300 ஏக்கருக்கும் மேற்பட்ட பரப்பில் கிராண்ட் பூங்கா நீண்டு கிடக்கிறது. அதன் வடமேற்கு மூலையில் மில்லேனியம் பூங்காவும், தென்கிழக்கில் அருங்காட்சியக வளாகமும், அவ்வளாகத்திலிருந்து ஏரிக்குள் நீளும் நிலத்தின் முனையில் ஆட்லர் கோளரங்கமும் உள்ளன. ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சென்று திரும்பினால் ஆறேழு கிலோமீட்டர் ஆகிவிடும். அமெரிக்காவில் பணிபுரியும் மகனையோ மகளையோ பார்க்க வந்து சில மாதங்கள் தங்கும் தமிழ்ப் பெற்றோர் பலர் இப்பூங்காவின் ஒரு மூலையில் பளபளக்கும் சிற்பத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவதற்கு இத்தொலைவே காரணம். செக்வே பயிற்சியளித்து, அதே வண்டிகளில் குழுவாக அழைத்துச் செல்லும் வழிகாட்டிப் பயணங்கள் இந்த இடைவெளியை நிரப்ப வல்லவை. ஆனால் அதற்கு முன் வண்டி எவ்வாறு நிற்கிறது என்பதை அறிந்துகொள்வது தேவை. ஏனெனில் அதனை அறியாதவரிடம் அச்சம் மிகும், அச்சம் மிகுந்தவரின் உடல் விறைக்கும், விறைத்த உடலின் ஒவ்வொரு துடிப்பையும் வண்டி கட்டளையாக எடுத்துக்கொள்ளும்.

விளக்குமாற்றைத் தலைகீழாக உள்ளங்கையில் நிறுத்தி விளையாடாத சிறுவர் அரிது. அது எந்தப் பக்கம் விழப் பார்க்கிறதோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் அது விழாமல் நிற்கும். இயற்பியலார் இதனைத் தலைகீழ் ஊசல் என்பர். செக்வேயில் நிற்கும் மனிதரே அந்த விளக்குமாறு, சக்கரங்களே அந்தக் கை. மேடைக்கு அடியில் கைரோஸ்கோப் எனப்படும் நுண்ணிய சுழற்சி உணரிகள் ஐந்து உள்ளன. உடலும் மேடையும் எவ்வளவு சாய்கின்றன என்பதை அவை நொடிக்கு நூறு முறை அளந்து சொல்ல, மின்னணுப் பலகைகள் அதற்கேற்பச் சக்கரங்களை முன்னோ பின்னோ உருட்டுகின்றன. வேலைக்கு மூன்று உணரிகளே போதும், மற்றவை ஒன்று பழுதானால் உதவுவதற்காக வைக்கப்பட்டவை. பலகைகளும் மின்கலங்களும்கூட அவ்வாறே இரட்டிப்பாக உள்ளன. முன்னே செல்வது என்பது, இவ்வாறு நோக்கினால், விழத் தொடங்கும் மனிதரின் காலடிக்கு வண்டி ஓடி வந்து சேர்வதே ஆகும். இதனைப் பயிற்சியாளர் இரண்டு வாக்கியங்களில் சொல்லிவிட்டால் புதியவர்களின் தோள் சற்றே தளர்வதைக் காணலாம்.

பயிற்சியின் முதல் ஐந்து நிமிடங்களே கடினமானவை. ஏறும்போது ஒரு காலை வைத்துவிட்டு மற்றதை வைக்கத் தயங்குவது எல்லோரும் செய்யும் பிழை. ஒற்றைக் காலின் எடையால் மேடை அங்குமிங்கும் ஆட, வண்டி அந்த ஆட்டத்தைத் தொடர்ந்து ஓடப் பார்க்கும். முன்னே நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளும் பயிற்சியாளரை நம்பி, மாடிப்படி ஏறுவது போல் இரண்டு கால்களையும் அடுத்தடுத்து இயல்பாக வைத்துவிடுவதே சரியானது. ஏறியவுடன் கண் தானாகக் காலடியைப் பார்க்கும், தலை குனியும், குனிந்த தலையின் எடை பாதத்தின் முன்பகுதிக்குச் செல்லும், வண்டி முன்னே நகரும், அதைக் கண்டு அஞ்சிப் பின்னால் சாய்ந்தால் அது பின்னே ஓடும். இவ்வாறு முன்னும் பின்னுமாக ஊஞ்சலாடும் நிலையிலேயே புதியவர் பலர் தமக்கு இது வராது என்று முடிவுகட்டி இறங்கிவிடுகின்றனர். இதற்கான மருந்து மிக எளியது. இருபது முப்பது அடி தொலைவில் உள்ள ஒரு மரத்தையோ விளக்குக் கம்பத்தையோ பார்த்துக்கொண்டு, முழங்காலை இறுக்காமல், கைப்பிடியை முறுக்கிப் பிடிக்காமல் நின்றால் ஊஞ்சலாட்டம் பத்து நொடிகளில் அடங்கிவிடும். கட்டுரையாளர் சேர்ந்திருந்த குழுவில் அறுபது வயதைக் கடந்த தமிழ்ப் பெண்மணி ஒருவர் இருந்தார். கோலம் போடும்போது குனிந்தும் நிமிர்ந்தும் பழகிய அவரது உடல் எடையை மாற்றும் நுட்பத்தை மிக விரைவில் பற்றிக்கொள்ள, தினமும் மோட்டார் சைக்கிள் ஓட்டும் இளைஞர் ஒருவரோ கைப்பிடியைத் திருகித் திருகிப் பார்த்து அதைவிட இரண்டு மடங்கு நேரம் தடுமாறினார். பழைய வண்டிப் பழக்கம் உதவுவதைவிடத் தடையாவதே மிகுதி என்பது இதனால் தெரியவரும்.

இறங்குவது ஏறுவதைவிட அபாயமானது. ஆனால் பயிற்சியில் அதற்கு ஒதுக்கப்படும் நேரமோ குறைவு. முன்பக்கமாகக் குதிப்பதும், ஒரு காலை எடுத்துவிட்டுக் கைப்பிடியைப் பிடித்து இழுத்தபடி நிற்பதும் கூடா. கைப்பிடியை இழுத்தால் வண்டி அதைச் சாய்வாக எடுத்துக்கொண்டு இழுத்தவர் மீதே ஏறும். அதன் எடை 47 கிலோ அளவில் இருப்பதால் கணுக்காலுக்கு அது சிறிய அடியாக இராது. வண்டி முற்றிலும் நின்றபின், ஒரு காலைப் பின்னால் தரையில் ஊன்றி, உடனே மறுகாலையும் எடுத்து, பயிற்சியாளர் வந்து வாங்கும்வரை கைப்பிடியை நேராக நிறுத்திப் பிடித்திருப்பதே முறை. சமநிலையில் இருக்கும் வண்டியைக் கைவிட்டால் அது ஆளில்லாமலே சிறிது தூரம் அலைந்து விழும். ஏறவும் இறங்கவும் குறைந்தது ஐந்து முறையாவது பழகிய பின்னரே பயணம் தொடங்க வேண்டும் என்று கேட்டுப் பெறுவது பணம் கொடுத்தவரின் உரிமை. கட்டுரையாளர் கண்ட ஒரு குழுவுக்குப் பத்து நிமிடத்தில் பயிற்சியை முடித்துவிட்டனர். அக்குழுவில் இருவர் முதல் அரை மணி நேரத்துக்குள் விழுந்தனர். அவர்களின் தவறு அன்று அது.

வேகத்தைப் பற்றிய ஒரு செய்தி எல்லாப் பயிற்சிகளிலும் சொல்லப்படுகிறது, ஆனால் அதன் காரணம் விளக்கப்படுவதில்லை. செக்வேயின் உச்ச வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர். புதியவர்களுக்கென அமைந்த ஆமை நிலை என்னும் அமைப்பில் அது ஏறத்தாழ அதில் பாதியாகக் குறைக்கப்படுகிறது. அந்த வரம்பை எட்டும்போது மேடையின் முன்புறம் மேலெழுந்து, கைப்பிடி நிற்பவரின் மார்பை நோக்கி வரும். வண்டி பழுதாகிவிட்டது என்றோ, தன்னைத் தள்ளிவிடப் பார்க்கிறது என்றோ எண்ணும் புதியவர் அதனை எதிர்த்து முன்னால் அழுத்துவார். உண்மையில் அது வண்டி விடுக்கும் எச்சரிக்கை. விழத் தொடங்குபவரின் காலடிக்கு ஓடி வருவதற்குச் சக்கரத்தில் எப்போதும் சிறிது விசை மிச்சம் இருக்க வேண்டும். உச்ச வேகத்தில் அந்த மிச்சம் தீர்ந்துவிடுமாகையால், தீருமுன் வண்டியே மேடையைத் தூக்கி ஓட்டுபவரைப் பின்னால் சாயவைக்கிறது. எதிர்த்து அழுத்துபவர் அந்தக் கடைசி மிச்சத்தையும் செலவழித்துவிடுகிறார். 2003-இல் ஆறாயிரம் வண்டிகளும், 2006-இல் இருபத்து மூவாயிரத்துக்கு மேற்பட்ட வண்டிகளும் திருத்தத்துக்காகத் திரும்பப் பெறப்பட்டன. முதலாவதற்கு மின்கலம் தளரும் வேளையில் விசை போதாமற் போனதும், இரண்டாவதற்கு இத்தகைய மேடையெழுச்சிக்குப் பின் இறங்கி உடனே மீண்டும் ஏறும்போது சக்கரம் எதிர்ப்பக்கம் சுழலக்கூடிய மென்பொருள் குறையும் காரணங்கள். அக்குறைகள் மென்பொருளால் நீக்கப்பட்டுவிட்டன. எனினும் கைப்பிடி மார்பை நோக்கி வந்தால் உடன்பட்டு நிமிர வேண்டும் என்ற பாடம் மாறவில்லை.

சமநிலை இழந்து விழுவோரைவிடச் சக்கரம் எதிலாவது இடித்து விழுவோரே மிகுதி. ஒரு சக்கரம் நடைபாதை விளிம்பிலோ மரவேரிலோ தட்டினால் அது நிற்க, மறுசக்கரம் ஓட, வண்டி சட்டென்று பக்கவாட்டில் திரும்பி நிற்பவரை வெளியே எறியும். தண்டின் அகலத்தை வைத்தே வண்டியின் அகலத்தைக் கணிக்கும் பழக்கம் இதற்குக் காரணம். சக்கரங்கள் இரு தோள்களுக்கும் அப்பால் வெளியே இருக்கின்றன என்பதைக் கண்ணால் காண்பது வேறு, குறுகிய வாயிலைக் கடக்கும்போது உடல் நினைவில் வைப்பது வேறு. ஈர இலை, மணல், சரளைக்கல் ஆகியவை மற்றொரு வகை அபாயம். சக்கரத்துக்குத் தரையில் பிடிப்பு இருக்கும்வரையே வண்டி மனிதரைத் தாங்கும்; பிடிப்பு போன கணமே எத்தனை உணரிகள் இருந்தும் பயனில்லை. சிகாகோ ஏரிக்கரையில் காற்று மணலைக் கற்பாதை மீது மெல்லிய படலமாகப் பரப்பிவிடுவதுண்டு. இலையுதிர் காலத்தில் பூங்காவின் எல்ம் மரத்து இலைகள் மழையில் நனைந்து கிடக்கும். இரண்டையும் வேகத்தைக் குறைத்து, நேராக, திரும்பாமல் கடப்பதே தக்கது. செக்வே நிறுவனத்தை வாங்கியிருந்த பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிமி ஹெசல்டன் 2010-இல் தன் வண்டியோடு ஆற்றங்கரைச் சரிவில் விழுந்து இறந்தார் என்ற செய்தியை அச்சமூட்டுவதற்காக அன்றி, சரிவின் ஓரத்தில் வண்டியைப் பின்னோக்கி நகர்த்துவதோ வழிவிட ஒதுங்குவதோ எவ்வளவு கவனத்துக்குரியது என்பதை உணர்த்துவதற்காகவே இங்குக் குறிப்பிட நேர்கிறது.

ஆடை பற்றித் தமிழ்க் குடும்பங்களுக்குத் தனியே சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. புடவையின் கீழ்க்கரையும் முந்தானையும் துப்பட்டாவும் வேட்டியும் இவ்வண்டிக்கு ஏற்றவை அல்ல. சக்கரம் காலுக்கு மிக அருகில் சுழல்வதால் தொங்கும் துணி எதுவும் அதில் சிக்கக்கூடும். சல்வாரோ கால்சட்டையோ அணிந்து, துப்பட்டாவைப் பைக்குள் வைத்துவிடுவது நலம். செருப்பு கூடாது. அடி தட்டையான, கயிறு கட்டிய காலணியே பாதத்தின் எடையை மேடைக்குத் தெளிவாகச் சொல்லும். தடித்த மெத்தை வைத்த ஓட்டக் காலணியைக்கூட அனுபவமுள்ளோர் தவிர்க்கின்றனர். தோளில் ஒருபக்கமாகத் தொங்கும் பை எடையை அந்தப் பக்கம் இழுத்து, வண்டி காரணமின்றித் திரும்புவது போன்ற மயக்கத்தைத் தரும். முதுகில் இறுக்கிக் கட்டும் சிறு பை போதும். தலைக்கவசத்தின் வார் தாடைக்கடியில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இருக்க வேண்டும். கொண்டை போட்ட பெண்கள் அதனைத் தாழ்வாக முடிந்துகொண்டால் கவசம் சரியாக அமரும்.

எடை வரம்பு பற்றிக் கேட்கத் தயங்குவோர் பலர். தயாரிப்பாளர் குறித்தது 45 கிலோ முதல் 118 கிலோ வரை. மேல்வரம்பின் காரணம் வெளிப்படை. கீழ்வரம்பு எதற்கு எனில், 45 கிலோவுக்குக் குறைந்தவர் பின்னால் சாய்ந்தாலும் வண்டியை நிறுத்தப் போதிய எடை அவரிடம் இராது. மெலிந்த பதின்ம வயதினரையும், உடல் இளைத்த முதியோரையும் ஆர்வத்தால் ஏற்றிவிடுதல் இதனாலேயே தவறு. கருவுற்றோர், தலைசுற்றல் உடையோர், முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டு அண்மையில் நடக்கத் தொடங்கியோர் ஆகியோர் இதனைத் தவிர்ப்பதே நன்று. பயணத்துக்கு முன் கையெழுத்திடத் தரப்படும் பொறுப்புத் துறப்பு ஆவணத்தை, அதாவது காயம் நேர்ந்தால் நிறுவனத்திடம் இழப்பீடு கோரமாட்டேன் என்ற ஒப்புதலை, படித்த பிறகே கையெழுத்திட வேண்டும். ஆங்கிலம் அறியாத பெற்றோருக்குப் பிள்ளைகள் அதன் சாரத்தைத் தமிழில் சொல்லிவிடுவது கடமை. அமெரிக்காவில் ஒரு எலும்பு முறிவுக்கு ஆகும் செலவைப் பயணக் காப்பீடு ஏற்குமா என்பதையும், இத்தகைய கேளிக்கைகளை அக்காப்பீடு விலக்கியிருக்கிறதா என்பதையும் அன்று காலையில் அன்றி முன்னரே பார்த்துவிட வேண்டும்.

பாதையில் இறங்கியபின் குழு ஒற்றை வரிசையில் செல்லும். இரண்டு வண்டிகளுக்கிடையே குறைந்தது ஆறேழு அடி இடைவெளி விட வேண்டும். முன்னவர் திடீரென நிமிர்ந்தால் பின்னவர் நிமிரச் சற்று நேரம் பிடிக்கும். வழிகாட்டி ஒவ்வொருவருக்கும் காதில் மாட்டிக்கொள்ளும் கேட்புக் கருவி தருகிறாரா என்று முன்பதிவின்போதே கேட்பது நல்லது. அது இல்லையேல் வரிசையின் கடைசியில் செல்பவருக்கு ஏரிக்காற்றைத் தவிர வேறெதுவும் கேட்காது. ஆங்கிலப் பேச்சைத் தொடர்வதில் இடர்ப்படுவோர் வழிகாட்டிக்கு அடுத்த இடத்தைக் கேட்டுப் பெறலாம்.

இப்பூங்கா தோன்றிய விதத்தை அறிந்துகொண்டு செல்பவருக்குக் காட்சி வேறாகிறது. 1836-ஆம் ஆண்டு நில வரைபடம் ஒன்றில், இந்தக் கரை என்றென்றும் கட்டடங்களின்றித் திறந்த பொதுநிலமாக இருக்க வேண்டும் என்று குறித்துவைத்தனர். 1871-இல் சிகாகோவை எரித்த பெருந்தீயின் இடிபாடுகளை ஏரிக்கரை நீரில் கொட்டினர்; அந்த நிரவலின் மீதே பூங்காவின் ஒரு பகுதி இன்று பசுமையாக விரிந்திருக்கிறது. அஞ்சல்வழி வணிகத்தால் செல்வம் ஈட்டிய ஏரன் மான்ட்கோமரி வார்டு என்பவர் அந்த 1836 குறிப்பைக் கையில் எடுத்துக்கொண்டு 1890 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீதிமன்றங்களில் வழக்காடி, கட்டடங்கள் எழும்பாமல் தடுத்தார். அன்று அவரை வளர்ச்சிக்கு எதிரி என்று ஏசினர். செக்வேயில் நின்று ஏரியை நோக்கும் ஒருவரின் கண்ணுக்கு இடையே சுவர் எதுவும் இல்லாமல் இருப்பது அந்த ஒரு மனிதரின் பிடிவாதத்தால்.

பூங்காவின் நடுவே உள்ள பக்கிங்ஹாம் நீரூற்று, கேட் பக்கிங்ஹாம் என்ற பெண்மணி தன் சகோதரரின் நினைவாக நகருக்கு அளித்து 1927-இல் திறக்கப்பட்டது. வெர்சாய் அரண்மனைத் தோட்டத்து லட்டோனா நீரூற்றின் மாதிரியில், அதைவிடப் பெரிதாக அமைந்த இதன் தொட்டியே மிச்சிகன் ஏரியைக் குறிக்கும். சுற்றியுள்ள நான்கு இணை கடற்குதிரைகள் அவ்வேரியைத் தொடும் நான்கு மாநிலங்களைக் குறிக்கும். கோடை மாதங்களில் மணிக்கொருமுறை நடுத்தாரை ஏறத்தாழ 46 மீட்டர் உயரத்துக்கு எழும். அவ்வேளையில் குழுவினர் அனைவரும் கைப்பேசியை எடுக்க ஒரு கையை விடுவதும், மேலே அண்ணாந்து பார்ப்பதும் வழக்கம். அண்ணாந்தால் எடை குதிகாலுக்குச் செல்லும், வண்டி பின்னோக்கி நகரும், பின்னால் நிற்பவர் மீது மோதும். படம் எடுக்க விரும்புபவர் இறங்கிவிட வேண்டும் என்ற விதியை வழிகாட்டி சொல்லாவிட்டாலும் தாமே கடைப்பிடிப்பது அறிவுடைமை. மேலும், காற்று ஏரியிலிருந்து வீசும் நாளில் நீரூற்றின் மேற்குப் புறத்துக் கல்தளம் முழுவதும் நனைந்திருக்கும் என்பதால் கிழக்குப் புறத்தில் நிற்பதே பாதுகாப்பு.

தெற்கு எல்லையில் தலையில்லாத இரும்பு உருவங்கள் 106 நிற்கின்றன. போலந்து நாட்டுச் சிற்பி மக்தலேனா அபகனோவிச் 2006-இல் அமைத்த இவ்வுருவங்கள் ஒவ்வொன்றும் ஒன்பதடி உயரமுள்ளவை. கையும் முகமும் இன்றி, நடக்கும் கால்களாக மட்டுமே அவை கூட்டமாக நிற்கின்றன. செக்வேயில் நிற்பவர் தரையிலிருந்து எட்டு அங்குல உயரம் கூடுதலாகப் பெறுவதால் அவ்வுருவங்களின் வெறுமையான மார்புப் பகுதியை நடந்து செல்பவரைவிடச் சற்றே நேராகப் பார்க்கிறார். வண்டியை வெளியே விட்டுவிட்டு அவற்றுக்கு இடையே நடந்து வர இடமளிக்குமாறு வழிகாட்டியை வேண்டிக்கொள்வது மிகவும் தகும். கூட்டத்துக்குள் நடந்தால் ஏற்படும் உணர்வை ஓரமாக உருண்டு செல்பவர் அடைய முடியாது.

அருங்காட்சியக வளாகம் இவ்வடிவை அடைந்தது 1998-இல். பீல்டு அருங்காட்சியகத்துக்கும் ஷெட் மீன்காட்சியகத்துக்கும் இடையே ஓடிக்கொண்டிருந்த விரைவுச் சாலையின் ஒரு பகுதியை மேற்கே நகர்த்தி, அந்நிலத்தைப் புல்வெளியாக்கினர். நகரம் ஒன்று தன் சாலையைப் பெயர்த்துப் பூங்காவுக்கு இடம் தந்த அரிய நிகழ்வு இது. அங்கிருந்து கிழக்கே ஏரிக்குள் செல்லும் நீண்ட மரநிழல் வழியே பயணத்தின் மிகச் சிறந்த பகுதி. பாதை நேர், தரை சமம், கூட்டம் குறைவு. அதுவரை கற்றதெல்லாம் அவ்விடத்தில்தான் உடலில் படிகிறது. கைப்பிடியை மறந்து, சாய்வதையும் மறந்து, செல்ல நினைத்த அளவிலேயே வண்டி செல்வதாகத் தோன்றும் நிலை பெரும்பாலோருக்கு இங்கே வாய்க்கும். அம்முனையில், 1930-இல் மேற்கு அரைக்கோளத்தின் முதல் கோளரங்கமாகத் திறக்கப்பட்ட ஆட்லர் கோளரங்கத்தின் படிகளிலிருந்து திரும்பிப் பார்த்தால் நகரம் முழுவதும் நீரின் மறுபுறம் ஒரே வரிசையில் நிற்கும். 110 மாடிகளும் 442 மீட்டர் உயரமும் கொண்ட, சியர்ஸ் கோபுரம் என்று முன்னர் வழங்கிய கரிய கட்டடத்தின் பொறியாளர் டாக்காவில் பிறந்த பஸ்லுர் ரகுமான் கான். ஒன்பது சதுரக் குழாய்களை ஒன்றாகக் கட்டியது போன்ற அமைப்பால் அவர் அதனைக் காற்றை எதிர்த்து நிற்கவைத்தார். குழாய்கள் வெவ்வேறு உயரத்தில் முடிவதை இங்கிருந்து வெறுங்கண்ணால் எண்ணிப் பார்க்கலாம். இந்த இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டுக் குழுவைக் கிளப்பும் வழிகாட்டிகள் உண்டு. குறைந்தது பதினைந்து நிமிடமாவது வேண்டும் என்று குழுவினர் ஒன்றுசேர்ந்து கேட்டால் அவர் மறுப்பது அரிது.

நின்றபடியே இரண்டு மணி நேரம் கழிவதால் பாதத்தின் வளைவிலும் கெண்டைக்காலிலும் மரத்துப்போகும் உணர்வு தோன்றும். அச்சத்தால் விரல்களை மேடையில் இறுகப் பற்றிக்கொள்வதே அதன் காரணம். நிறுத்தங்களில் இறங்கிக் குதிகாலை உயர்த்தித் தாழ்த்தினால் சரியாகும். இறுதியாக இறங்கியபின், நடக்க நினைத்து உடலை முன்னால் சாய்த்துக் காலை எடுத்துவைக்க மறந்து தடுமாறுவோர் உளர். சில அடிகளில் அது தானே நீங்கும்.

காலம் பற்றிக் கூறின், மே மாத இறுதி முதல் செப்டம்பர் வரை பொருத்தம், அதிலும் காலைப் பயணமே உத்தமம். பிற்பகலில் கூட்டமும் ஏரிக்காற்றும் மிகும். குளிர் கூடும்போது மின்கலத்தின் கொள்ளளவு குறையும். உற்பத்தி நின்றுவிட்ட பழைய வண்டிகளே பல இடங்களில் இன்னும் ஓடுவதால், தனக்குத் தரப்படும் வண்டியின் சக்கரக் காற்றையும், மேடைமீதுள்ள ரப்பர் விரிப்பு பெயர்ந்திருக்கிறதா என்பதையும், மின்கல அளவையும் ஏறுமுன் பார்ப்பது அவமரியாதை ஆகாது. நல்ல வழிகாட்டி அதனை வரவேற்பார்.

மில்லேனியம் பூங்காவுக்குள் மிதிவண்டியைக்கூட ஏறி ஓட்ட அனுமதியில்லை. அனிஷ் கபூரின் மேகவாயில் சிற்பத்தையும், ஜௌமே பிளென்சாவின் முகங்கள் ஒளிரும் நீர்க் கோபுரங்களையும் வேறொரு நாளில் நடந்தே பார்க்கலாம். நடப்பதற்கே அவை உரியவை.

மிச்சிகன் அவென்யூ வழியாகத் திரும்பும் பயணங்களில் தமிழ் வாசகர் வழிகாட்டியிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டிய நிறுத்தம் ஒன்றுண்டு. பெரும்பாலான வழிகாட்டிகளின் உரையில் அது இடம்பெறுவதில்லை. இரண்டு வெண்கலச் சிங்கங்கள் காக்கும் கலைக்கழகக் கட்டடத்தில்தான் 1893 செப்டம்பர் 11 அன்று சர்வ சமயப் பேரவை கூடியது, விவேகானந்தர் பேசினார். அவர் கடல் கடந்து வருவதற்குச் சென்னையில் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டியவர் அளசிங்கப் பெருமாள். ஊக்கமும் உதவியும் தந்தவர்களுள் ஒருவர் இராமநாதபுரம் மன்னர் பாஸ்கர சேதுபதி. விவேகானந்தர் பேசிய கொலம்பஸ் மண்டபம் இப்போது இல்லை. கட்டடத்தின் முன்னுள்ள சாலைப்பகுதிக்கு மட்டும் சுவாமி விவேகானந்தர் வழி என்ற பெயர்ப்பலகை இருக்கிறது; அதனைப் பார்க்க இறங்குபவர் வண்டி முற்றிலும் நின்றபின், ஒரு காலைப் பின்னால் ஊன்றி, கைப்பிடியை நேராகப் பிடித்து இறங்குக.